48கே-வுக்குள் ஒரு சாய்ந்த உலகம்: எந்த ஐசோமெட்ரிக் வழியில் போவது?

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இன்றைக்கும் புதிதாக விளையாட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, பழைய எந்திரத்தைப்போல நடிக்கும் எமுலேட்டரைத் திறந்துவைத்து, 1982-இல் வந்த ஒரு எந்திரத்தோடு இரவு 11 மணி வரை மல்லுக்கட்டுகிற ரகம். பக்கவாட்டில் ஓடித் தாவுகிற விளையாட்டு ஒன்றை முடித்த கையோடு, அடுத்தது ஐசோமெட்ரிக்தான் என்று ஒரே நாளில் முடிவெடுத்துவிட்டேன். எந்த மாதிரி ஐசோமெட்ரிக் என்று முடிவெடுக்கத்தான் நாலு மாதம் பிடித்தது. அந்த நாலு மாதத்தில் விளையாடிப் பார்த்தது, பிரித்துப் படித்தது, எழுதிக் கெடுத்தது எல்லாம் சேர்ந்ததுதான் இந்த ஒப்பீடு. இதே இடத்தில் வந்து நிற்கிறவருக்கு இரண்டு மாதமாவது மிச்சமாகட்டும்.

பாலிடெக்னிக்கில் எஞ்சினியரிங் டிராயிங் படித்தவர்களுக்கு ஐசோமெட்ரிக் புதிதல்ல. செட் ஸ்கொயரை வைத்து 30 டிகிரியில் இரண்டு பக்கமும் கோடு இழுத்து, ஒரு பெட்டியின் மூன்று முகங்களையும் ஒரே படத்தில் காட்டுகிற வித்தை. கம்ப்யூட்டர் திரையில் அதே 30 டிகிரியைப் பிடிக்க முடியாது. ஒரு பிக்சல் இறங்குவதற்கு 1.73 பிக்சல் பக்கவாட்டில் போக வேண்டும். முக்கால் பிக்சல் என்று ஒன்று கிடையாதே! அதனால் எல்லாரும் இரண்டு பிக்சல் பக்கவாட்டில், ஒரு பிக்சல் கீழே என்று போனார்கள். கோணம் 26.6 டிகிரிக்கு வந்துவிடும். டிராயிங் வாத்தியார் இதை ஐசோமெட்ரிக் என்று ஒத்துக்கொள்ள மாட்டார். கண் ஒத்துக்கொள்கிறது. தரையின் கட்டங்கள், ஊடுபுள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல, ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் வந்து உட்காரும்.

இந்தச் சாய்வுக்கு அந்தக் காலத்தில் அவ்வளவு மவுசு ஏன்? அழகு என்பது பாதிக் காரணம்தான். மீதி கணக்கு வழக்கு. அறையில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதற்கு மூன்று எண்கள் வேண்டும்: ஒரு சுவரோரமாக எவ்வளவு, இன்னொரு சுவரோரமாக எவ்வளவு, உயரம் எவ்வளவு. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் திரையில் இடவலம் கிடைக்கும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, உயரத்தைக் கழித்தால் மேல்கீழ் கிடைக்கும். அவ்வளவுதான். ஸ்பெக்ட்ரத்துக்குள் இருக்கும் இசட்80 சில்லுக்குப் பெருக்கல் கட்டளையே கிடையாது. வகுத்தலும் கிடையாது. தூரத்துக்குத் தகுந்தபடி உருவத்தைச் சிறிதாக்கிக் காட்டும் உண்மையான முப்பரிமாணத்துக்கு ஒவ்வொரு முனைக்கும் வகுத்தல் வேண்டும். இங்கே கூட்டல், கழித்தல், பாதியாக்க ஒரு பிட் நகர்த்தல். அதைவிடப் பெரிய லாபம், தள்ளிப்போனாலும் பொருள் சிறுக்காது என்பது. அறையின் கடைசி மூலைக்கும் முன்மூலைக்கும் ஒரே படம் போதும். அது நினைவகத்தில் விழும் நேரடி மிச்சம்.

நினைவகம் என்று சொன்னால் எவ்வளவு? 48கே எந்திரத்தில் மொத்தம் 49,152 பைட். அதில் திரை மட்டும் 6,912 பைட்டை எடுத்துக்கொள்ளும். 256-க்கு 192 புள்ளிகளுக்கு 6,144, நிறத்துக்கு 768. மிச்சம் ஏறக்குறைய 42,000. இந்தப் பத்தியைப் படிக்கும் கைபேசியில் ஒரு சாதாரணப் புகைப்படம் இதைப்போல ஐம்பது மடங்காவது இருக்கும்.

ஓரங்களை மட்டும் கோடாக வரையும் கம்பிக்கோட்டு முப்பரிமாணமும் அப்போது இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. டேவிட் பிராபனும் இயன் பெல்லும் 1984-இல் பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டருக்கு எழுதிய எலைட் என்ற விண்வெளி விளையாட்டு அதில் உச்சம். ஆனால் விண்வெளியில் பெரும்பாலும் வெறும் கறுப்பு. ஓடுவது நாலைந்து கப்பல்கள். ஓர் அறையும், அதில் மேசை நாற்காலியும், சுவரும், கதவும் வேண்டுமென்றால் அந்த வழி மூச்சு வாங்கும். 1987-இல் வந்த டிரில்லர் நிரப்பிய முகங்களோடு முழு உலகத்தையே காட்டியது. பார்க்கப் பிரமாதம்தான், ஆனால் ஸ்பெக்ட்ரத்தில் படம் மாறுவதற்குள் ஒரு வாய் காப்பி குடித்துவிடலாம். ஓடித் தாவுகிற விளையாட்டுக்கு அது ஆகாது. அதனால் அந்த வழியை முதல் வாரமே விட்டுவிட்டேன்.

மிஞ்சியவை நாலு.

மூலைவாட்டில் ஓடும் உலகம்

1982-இல் சேகா நிறுவனம் காசு போட்டு ஆடும் எந்திரமாகக் கொண்டுவந்த ஸாக்ஸன்தான் இதற்கு மூத்த அண்ணன். விமானம் நடுவில் நிற்க, கோட்டை மதில்கள் திரையின் மூலையிலிருந்து மூலைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். அடுத்த ஆண்டு வீட்டுக் கம்ப்யூட்டரில், அட்டாரி 8-பிட் எந்திரத்துக்கு, சினாப்ஸ் நிறுவனத்தின் புளூ மேக்ஸ் வந்தது. இரண்டும் நல்ல விளையாட்டுகள்.

ஸ்பெக்ட்ரத்தில் இதை எழுத நினைப்பவர் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அட்டாரியிலும் கமடோர் 64 என்ற இன்னொரு வீட்டுக் கம்ப்யூட்டரிலும் திரையை வன்பொருளே நகர்த்திக் கொடுக்கும். ஸ்பெக்ட்ரத்தில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு பைட்டையும் நாமே தூக்கி வைக்க வேண்டும். தூக்கி வைக்கும் கட்டளை ஒரு பைட்டுக்கு எந்திரத்தின் கடிகாரத்தில் 21 துடிப்பு எடுக்கும். 6,144 பைட்டுக்கு 1,29,024 துடிப்பு. ஒரு திரைச்சுற்றுக்கு, அதாவது நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு, நமக்குக் கிடைப்பதே 69,888. வெறுமனே நகலெடுக்கவே இரண்டு சுற்று போய்விட்டால் எதிரியை எப்போது நகர்த்துவது, குண்டை எப்போது பறக்கவிடுவது?

கோஸ்டா பனாயி 1985-இல் ஹைவே என்கவுண்டரில் செய்தது புத்திசாலித்தனம். நீண்ட நெடுஞ்சாலை மூலைவாட்டில் போகிறது, ஆனால் நகர்வதில்லை. ஒரு திரையின் முனைக்குப் போனால் அடுத்த திரை பட்டென்று மாறும். ஓடுகிற உணர்வு கொஞ்சம் குறையும், எந்திரத்துக்குப் பெருமூச்சு விட நேரம் கிடைக்கும். விமான விளையாட்டுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு மட்டும் இந்த முதல் வழி. எனக்கு வேண்டாம்.

கட்டைகளால் ஒரு ஊர்

என் மனம் நெடுநாள் இங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தது. 1983-இல் சாண்டி வைட் எழுதி குயிக்சில்வா வெளியிட்ட ஆண்ட் அட்டாக். மதில் சூழ்ந்த பாழடைந்த ஊர், உள்ளே ராட்சத எறும்புகள், எங்கோ மாட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஆள். அவரைத் தேடிப் பிடித்து வெளியே கூட்டிவர வேண்டும். காப்பாற்றுகிறவர் பையனா பெண்ணா என்று ஆட்டம் தொடங்கும் முன்பே நாம் தேர்ந்தெடுக்கலாம்; அந்த ஆண்டில் அது சாதாரணமில்லை. ஊரின் பெயர் ஆன்டெஷர். எறும்பையும், ஏறினால் இறங்கும் படிக்கட்டுகளை வரைந்த ஓவியர் எஷரையும் சேர்த்துத் தைத்த பெயர்.

இதன் உள்ளமைப்பைப் பார்த்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. ஊர் 128-க்கு 128 கட்டம், உயரம் 6 கட்டை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு பைட். அதன் எட்டு பிட்டுகளில் ஆறு, ஆறு உயரங்கள்: பிட்டில் 1 இருந்தால் கட்டை உண்டு, 0 இருந்தால் காற்று. 128-ஐ 128-ஆல் பெருக்கினால் 16,384. எந்திரத்தின் நினைவகத்தில் சரியாக மூன்றில் ஒரு பங்குக்குள் ஒரு முழு ஊர், வளைவுகளும் கோபுரங்களும் அடிப்பாலங்களுமாக. கட்டை மிதக்கலாம், அதனடியில் நடந்து போகலாம். சுருக்கும் வித்தை எதுவும் இல்லாமலே இது.

எல்லாக் கட்டைகளும் ஒரே அளவு என்பதால் எது முன்னால் எது பின்னால் என்ற தலைவலியும் இல்லை. தொலைவிலிருந்து தொடங்கிக் கிட்டத்தை நோக்கி வரிசையாக வரைந்துகொண்டே வந்தால் முன்னது பின்னதை மறைத்துவிடும். நாலு திசையிலிருந்தும் ஊரைப் பார்க்கலாம். அதற்குப் புதுப் படங்கள் வேண்டாம், வரையும் வரிசையைத் திருப்பிப் போட்டால் போதும்.

பிறகு ஏன் இதை எடுக்கவில்லை? உலகம் முழுக்கக் கட்டை. கட்டையைத் தவிர வேறு எதுவும் இல்லை. மேசை வேண்டுமா, கட்டை. மரம் வேண்டுமா, அதுவும் கட்டை. தொலைவதும் துரத்துவதும்தான் விளையாட்டு என்றால் இதைவிடச் சிறந்த வழி கிடையாது. பொருளை எடுத்து, தள்ளி, அடுக்கி, யோசித்து ஆடும் விளையாட்டுக்கு இது ஒத்துவராது. அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் காட்சி முழுவதையும் திரும்ப வரைய வேண்டியிருப்பதால் அசைவிலும் ஒரு வெட்டு இருக்கும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று, டென்டன் டிசைன்ஸ் 1986-இல் செய்த தி கிரேட் எஸ்கேப். போர்க்கைதி முகாம், திரையின் ஒரு பகுதியில் மட்டும் காட்சி நகரும், மீதி நகராத ஓரச் சட்டகம். நகர்த்தும் பரப்பைக் குறைத்ததால் வேகம் கிடைத்தது. அதில் எனக்குப் பிடித்தது வேறு. நாம் எதையும் அழுத்தாமல் விட்டால் கைதி தானாகவே மணியடித்ததும் எழுந்து, அணிவகுப்புக்குப் போய், சாப்பிட்டு, படுத்துக்கொள்வான். சாய்ந்த படத்தைவிட அந்த அன்றாடம்தான் முகாமை முகாமாக்கியது.

ஒரு நேரத்தில் ஓர் அறை

1984-இன் கடைசியில் நைட் லோர் வந்தது. டிம் ஸ்டாம்பர், கிறிஸ் ஸ்டாம்பர் என்ற சகோதரர்கள் நடத்திய அல்டிமேட் பிளே தி கேம் நிறுவனத்தின் வெளியீடு. சேபர்மேன் என்ற ஆள் இரவானால் ஓநாய் மனிதனாக மாறிவிடுவான். 40 நாளுக்குள் 128 அறைகள் கொண்ட கோட்டையில் பொருள்களைத் தேடி, மந்திரவாதியின் கொப்பரையில் போட்டுச் சாபத்தைத் தீர்க்க வேண்டும். இந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயர் ஃபில்மேஷன். நைட் லோர் முன்பே தயாராகிவிட்டதாகவும், இதைப் பார்த்த பிறகு யாரும் தங்களுடைய இன்னொரு விளையாட்டான சேபர் வுல்ஃபை வாங்கமாட்டார்கள் என்று நினைத்து, சேபர் வுல்ஃபை முதலில் விற்றுவிட்டு இதைப் பிறகு வெளியிட்டதாகவும் ஸ்டாம்பர்கள் பின்னாளில் சொன்னார்கள். வியாபாரம் என்றால் இப்படி!

ஊர் முழுவதையும் காட்டுவதை விட்டுவிட்டு ஓர் அறையை மட்டும் காட்டு. அறை மாறாமல் நிற்கட்டும், உள்ளே இருப்பது மட்டும் அசையட்டும். இதுதான் சூட்சுமம். அறை நகராததால், அசைந்த பொருள் இருந்த சின்னச் செவ்வகத்தை மட்டும் திரும்ப வரைந்தால் போதும். என் விளையாட்டில் அது சுமார் 180 பைட். நகலெடுக்க 3,780 துடிப்பு. முன்பு பார்த்த 1,29,024-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

பொருளின் ஓரம் பின்னணியைக் கச்சிதமாக மறைக்க வேண்டும், உடலைச் சுற்றி ஒரு கறுப்புப் பெட்டி தெரியக்கூடாது. அதற்கு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மாஸ்க். முதலில் மாஸ்க்கால் பின்னணியில் உருவத்தின் வடிவில் ஒரு ஓட்டை போடு, பிறகு அந்த ஓட்டையில் உருவத்தை வை. படத்துக்குச் செலவு இரட்டிப்பு. 24-க்கு 32 புள்ளியில் ஒரு படம் 96 பைட், மாஸ்க்கோடு 192. நாலு திசைக்கும் தனித்தனிப் படம் வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். நம்மைப் பார்த்து இடப்பக்கம் வருவதைக் கண்ணாடியில் திருப்பினால் வலப்பக்கம் வருவது; முதுகைக் காட்டிப் போவதும் அப்படியே. இரண்டு திசைக்கு வரைந்தால் நாலு திசை. என் கதாநாயகனுக்கு நடை நாலு அடி, இரண்டு திசை, மொத்தம் எட்டுப் படம், 1,536 பைட்.

அறைகளும் மலிவு. தரை 8-க்கு 8, உயரம் 4 என்று வைத்துக்கொண்டால் ஒரு பொருளின் இடம் 3 பிட், 3 பிட், 2 பிட் என்று ஒரே பைட்டில் உட்காரும். ஓர் அறைக்கு 30 பைட் என்று வைத்தாலும் நூறு அறைக்கு 3,000 பைட்தான். ஆண்ட் அட்டாக்கின் ஊருக்கு ஆனதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் உள்ளே நாற்காலி உண்டு, பந்து உண்டு, பேய் உண்டு.

இதன் விலை வேறு இடத்தில். முதல் விலை வரிசை. அளவு வேறுபட்ட பொருள்களில் எது முன்னால்? என் விளையாட்டு ஒரு பழைய அரிசி மில்லுக்குள் நடக்கிறது. ஒரு பூனை, எலிகள், நெல் மூட்டைகள். மூன்று எண்களையும் கூட்டி, கூட்டுத்தொகைப்படி வரிசைப்படுத்தினேன். மூட்டைகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தவரை சரியாக ஓடியது. மூன்று கட்டம் நீளமுள்ள பலகை ஒன்றைப் போட்டேன். அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தவள், "மாமா, பூனை பலகைக்குள்ள போயிடுச்சு!" என்றாள். போய்த்தான் இருந்தது. நடுப்புள்ளியை மட்டும் பார்த்தால் நீளப் பொருளின் நுனி ஏமாற்றிவிடும். ஒவ்வொரு பொருளையும் பெட்டியாக எடுத்துக்கொண்டு, இது எங்கே முடிகிறது, அது எங்கே தொடங்குகிறது என்று மூன்று அச்சிலும் சோடி சோடியாக ஒப்பிட வேண்டும். அப்போதும் மூன்று நீளப் பொருள்கள் ஒன்றையொன்று சுற்றி மறைத்துக்கொண்டால் வரிசையே கிடையாது. பாய் முடைவதுபோல ஒன்றின் மேல் ஒன்று. அப்படி ஒரு அமைப்பை அறையில் வைக்காமல் இருப்பதுதான் தீர்வு.

இரண்டாவது விலை, வேகம். அறையில் அசைகிற பொருள் கூடக்கூட நைட் லோர் மெதுவாகும். எல்லாம் நின்றுவிட்டால் சேபர்மேன் குடுகுடுவென்று ஓடுவான். 1985-இல் சுவீடன்காரர் போ ஜாங்கபோர்க் எழுதிய ஃபேர்லைட்டில் பொருள்களுக்கு எடை உண்டு, விழும், அடுக்கலாம், சுமக்க ஒரு வரம்பு உண்டு. அறை நிறைந்தால் அதுவும் திணறும். அல்டிமேட்காரர்களே 1985-இல் நைட்ஷேடு என்று நகரும் காட்சியோடு ஒன்று செய்தார்கள். தெருக்கள் வழுக்கிப் போகும், கண்ணுக்கு விருந்து. ஆனால் பெட்டி தள்ளி அடுக்கும் புதிர்கள் காணாமல் போயின. நகர்வையும் புதிரையும் ஒன்றாக வைத்திருக்க அந்த எந்திரத்தில் இடமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

மூன்றாவது, நிறம். ஸ்பெக்ட்ரத்தில் 8-க்கு 8 புள்ளிக் கட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டே நிறம். சாய்கோடுகள் எல்லாக் கட்டத்தையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதால் நிறம் ஒன்றின் மேல் ஒன்று வழிந்துவிடும். நேர்ச்சுவர்கள் உள்ள விளையாட்டில் இதைச் சமாளிக்கலாம். சாய்ந்த சுவரில் முடியவே முடியாது. அறைக்கு ஒரு நிறம், பின்னணி கறுப்பு என்று நைட் லோர் எடுத்த முடிவையே பின்னால் வந்தவர்களில் பெரும்பாலோர் எடுத்தார்கள். எனக்கு இது குறையாகவே படவில்லை. மஞ்சள் அறையிலிருந்து நீல அறைக்குப் போகும்போது கிடைக்கும் மாற்றம், இருக்கிற எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் கொட்டினால் கிடைக்காது.

இந்த வழியின் சிகரம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: 1987-இல் ஜான் ரிட்மன் எழுதி பெர்னி டிரம்மண்ட் வரைந்த ஹெட் ஓவர் ஹீல்ஸ். நைட் லோரைப் பார்த்து அசந்துபோன ரிட்மன், 1986-இல் இதே டிரம்மண்டோடு சேர்ந்து பேட்மேன் செய்து கையைப் பழக்கிக்கொண்டார். அடுத்ததில் இரண்டு கதாபாத்திரங்கள். ஹெட் உயரத் தாவுவான், காற்றில் மிதப்பான். ஹீல்ஸ் வேகமாக ஓடுவான், பையில் பொருள் சுமப்பான். தனித்தனியாகத் தொடங்கி, சந்தித்து, ஒருவன் தலைமேல் ஒருவன் ஏறிக்கொண்டால் இரண்டு திறமையும் ஒன்றாகும். முந்நூறு அறை அளவில் பெரிய வரைபடம். நைட் லோர் செய்து காட்டிய தொழில்நுட்பத்தில் பெரிய புதுமை ஒன்றுமில்லை. அறைக்குள் என்ன செய்யலாம் என்பதில்தான் அவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

சரிவுகளின் உலகம்

நாலாவது வழி, கட்டையின் மேல்முகத்தைச் சாய்த்துவிடுவது. அட்டாரியின் மார்பிள் மேட்னஸ் 1984-இல் கடைகளில் காசு விழுங்கிய எந்திரம். மார்க் செர்னி வடிவமைத்தது. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பால் ஷெர்லி 1986-இல் எழுதிய ஸ்பின்டிஸிதான் இதன் அரசன். பம்பரம்போல ஒரு ஊர்தி, சரிவுகள், ரத்தினங்கள், குறைந்துகொண்டே போகும் நேரம். அறைகள் மாறும், காட்சியை நாலு பக்கமும் திருப்பலாம். ஓடுகிற பொருள் ஒன்றே ஒன்று என்பதால் வரிசைத் தொல்லை பெரிதாக இல்லை. எல்லா வேலையும் இயற்பியலில்: சரிவில் எவ்வளவு முடுக்கம், மேட்டில் ஏறி எங்கே விழும், திருப்பத்தில் எவ்வளவு வழுக்கும். படம் வரையத் தெரியாது, கணக்குப் பிடிக்கும் என்கிறவருக்கு நான் தயங்காமல் கைகாட்டுவது இதை. ஊர்திக்குக் கால் கிடையாது, நடையசைவு வரைய வேண்டாம். முழு விளையாட்டுக்கும் ஓவியம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். ஆனால் அந்த வழுக்கலைச் சரியாக்க ஆறு மாதம் உட்கார வேண்டியிருக்கும். வழுக்கல் சரியில்லாத ஸ்பின்டிஸியை யாரும் இரண்டாம் முறை ஆடமாட்டார்கள்.

எந்த எந்திரம் என்பதும் கொஞ்சம்

கமடோர் 64-இல் வன்பொருள் ஸ்பிரைட்டுகள், அதாவது எந்திரமே பின்னணியைக் கெடுக்காமல் நகர்த்தும் சின்னப் படங்கள், எட்டு உண்டு, அது வரம் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். அந்த ஸ்பிரைட் பின்னணியில் வரைந்த பொருள்கள் முழுவதற்கும் முன்னால் நிற்கும், அல்லது முழுவதற்கும் பின்னால் நிற்கும். இந்த மூட்டைக்கு முன்னால், அந்த மூட்டைக்குப் பின்னால் என்று ஒரே நேரத்தில் சொல்ல முடியாது. கடைசியில் அங்கேயும் மென்பொருளில்தான் வரைய வேண்டும். ஆம்ஸ்ட்ராட் சிபிசி என்ற அக்காலக் கம்ப்யூட்டரில் 320-க்கு 200 புள்ளியில் நாலு நிறம், கட்டத் தொல்லை இல்லாமல் கிடைக்கும். ஆனால் திரைக்கே 16கே போய்விடும். நகர்த்த வேண்டிய பைட்டும் கூடும். அழகாக வேண்டுமென்றால் சிபிசி, விறுவிறுப்பாக வேண்டுமென்றால் ஸ்பெக்ட்ரம் என்பது என் கணிப்பு. சிபிசி-க்குப் போகிறவர்கள் 1987-இல் ஸ்பெயினில் பாகோ மெனென்டஸ் எழுதிய லா அபாடியா டெல் கிரிமென் ஆடிப் பார்க்க வேண்டும். மடாலயத்தில் துறவிகள் அவரவர் நேரத்துக்கு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அறைக்கு அறை பார்க்கும் கோணம் மாறும். முதல் அரை மணி நேரம் எந்தப் பக்கம் வடக்கு என்றே பிடிபடாது.

எந்த வழியில் போனாலும் தப்பிக்க முடியாத இரண்டு

ஒன்று, விசைகள். உலகம் 45 டிகிரி திரும்பி நிற்கிறது, விரல் நேராக அழுத்துகிறது. மேல் விசை என்பது திரையில் வலமேல் மூலையா, இடமேல் மூலையா? நைட் லோர் இடம் திரும்பு, வலம் திரும்பு, முன்னே நட என்ற முறையையும் கொடுத்தது, நேரடித் திசை முறையையும் கொடுத்தது. நான் முதலில் திரும்பி நடக்கும் முறையை மட்டும் வைத்தேன். சுவரில் மோதுவதிலேயே பாதி ஆட்டம் போனது. இப்போது நாலு திசைக்கு நாலு விசை, அதுவும் ஆட்டத்தின் தொடக்கத்தில் எந்த மூலை எந்த விசை என்று ஆடுகிறவரே தேர்ந்தெடுக்கும்படி. எனக்கு இயல்பாகத் தெரிந்த ஏற்பாடு என் அக்கா மகளுக்குத் தலைகீழாகத் தெரிகிறது. இதில் சரி, தப்பு இல்லை.

இன்னொன்று இதைவிட மோசம். திரையில் ஒரு புள்ளி, அறையில் எத்தனையோ இடங்களைக் குறிக்கலாம். தரையில் பின்னால் நிற்கும் எலியும், முன்னால் உயரத்தில் மிதக்கும் எலியும் ஒரே இடத்தில்தான் தெரியும். இடவலக் கணக்கு ஒன்று, மேல்கீழ்க் கணக்கு ஒன்று, ஆனால் எண்கள் மூன்று. ஏதாவது ஒன்று தொலைந்துதானே ஆக வேண்டும். ஸாக்ஸன் அதனால்தான் விமானத்துக்கு நிழலும் போட்டது, ஓரத்தில் உயரம் காட்டும் அளவுகோலும் வைத்தது. நைட் லோரில் நிழல் இல்லை. தாவிவிட்டு, எங்கே விழுவோம் என்று சாமியைக் கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

முடிவுக்கு வருகிறேன். துரத்தலும் தொலைதலும்தான் உங்கள் விளையாட்டு என்றால் ஆண்ட் அட்டாக்கின் கட்டை ஊர். நினைவகக் கணக்கு அவ்வளவு சுத்தமாக வேறெங்கும் வராது. வரைவதைவிடக் கணக்கு பிடிக்குமென்றால் சரிவுகள். விமானம் பறந்தே ஆக வேண்டுமென்றால் ஸ்பெக்ட்ரத்தை விட்டுவிட்டு அட்டாரிக்குப் போங்கள். மற்ற எல்லாவற்றுக்கும், குறிப்பாக இது முதல் ஐசோமெட்ரிக் முயற்சி என்றால், அறைகள். நைட் லோர், ஹெட் ஓவர் ஹீல்ஸ் இரண்டின் நிரலையும் ஆர்வலர்கள் பிரித்து விளக்கக் குறிப்போடு இணையத்தில் வைத்திருக்கிறார்கள். மாட்டிக்கொண்டால் எட்டிப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. ஓர் அறையில் அசைவது நாலுக்கு மேல் வேண்டாம். எல்லாப் பொருளும் ஒரு கட்டத்துக்குள் அடங்கட்டும். என் பலகையை நான் மூன்று துண்டாக வெட்டிவிட்டேன், பார்ப்பதற்கு இன்னும் ஒரே பலகைதான்.

நிழல் விஷயத்தில் மட்டும் ஒரு வாரம் திண்டாடினேன். தரை கறுப்பு. கறுப்புத் தரையில் நிழல் எப்படி விழும்? தரைக்கு வெளிச்சம் கொடுத்தால் பூனை அதில் கரைந்துபோகிறது. கடைசியில் கட்டங்களின் மூலைகளில் மட்டும் ஒற்றைப் பிக்சல் புள்ளி வைத்தேன், அறைக்கு 81. பூனை தாவும்போது அதற்கு நேர்கீழே உள்ள கட்டத்தின் நாலு புள்ளிகளும் கொஞ்சம் பெரிதாகும், அது நகர்ந்ததும் பழையபடி சிறுக்கும். வரிசைக் கணக்கில் அதைச் சேர்க்கவே தேவையில்லை, தரையோடு தரையாக முதலில் வரைந்துவிடலாம். அக்கா மகள் அன்றைக்கு ஏழு அறை தாண்டினாள். "கோலத்துக்குப் புள்ளி வெச்சிருக்கீங்க, கோலம் எங்க மாமா?" என்று கேட்டாள். பூனை போடும் என்றேன்.